குறை சொல்வாரும் வேண்டும்

புகைப்படக் கலையைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் தனித்தும் கற்றனர், கூடியும் கற்றனர். இலண்டனில் 1853இலும் பம்பாயில் 1854இலும் புகைப்படக் கழகங்கள் தோன்றின. தாம் எடுத்த படங்களைப் பிறரிடம் காட்டிக் குறைநிறை கேட்பது இத்தகைய கழகங்களின் வழக்கம்.

கருத்துரையில் இரு வகை உண்டு. "படம் அருமை" என்பது ஒன்று. கேட்க இனிக்கும், கற்பிப்பது ஒன்றுமில்லை. காரணம் காட்டித் திருத்துவது மற்றொன்று.

வாசற்படியில் அமர்ந்திருந்த என் பாட்டியை வீட்டினுள்ளிருந்து படம் எடுத்தேன். முகம் கறுத்துவிட்டது. நண்பர்கள் "ஓவியம் போலிருக்கிறது" என்றனர். மூத்தவர் ஒருவர் மட்டும், "பாட்டியின் கண்கள் எங்கே தம்பி?" என்று கேட்டார்.

பிறகு விளக்கினார். காமிராவின் ஒளிமானி, காட்சி முழுவதும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று கொண்டே அளக்கிறது. பின்னால் வெயில் இருந்தால், ஒளி மிகுதி என்று குறைத்துவிடும், முகம் இருண்டுவிடும். முகத்தை மட்டும் அளக்க வேண்டும். அல்லது ஒளியை இரண்டு படி கூட்ட வேண்டும். ஒரு படிக்கு ஒளி இரு மடங்கு. இரண்டு படிக்கு நான்கு மடங்கு.

"வெளியே தெரு வெளுத்துப்போகுமே, ஐயா?" என்றேன்.

"போகட்டும். உனக்கு வேண்டியது தெருவா, பாட்டியா?"

மறுநாளே அவ்வாறு எடுத்தேன். அவ்வாண்டே பாட்டி மறைந்தார். எங்கள் வீட்டுச் சுவரில் இருப்பது அந்த இரண்டாவது படந்தான்.

ஆகவே நண்பர்களே, குறை கண்டால் காரணத்தோடும் திருத்தும் வழியோடும் சொல்வோம். பிறர் சொன்னால் முகம் சுளிக்காமல் கேட்போம்.