கடையின் இணையதளம் கூகுளில் முன்னே வர என்ன செய்ய வேண்டும்?

ராயப்பேட்டையில் புதிதாகக் குடிவருகிற குடும்பம் இன்று மளிகைக் கடையைத் தேட முதலில் கையில் எடுப்பது செல்போனைத்தான். பக்கத்தில் அரிசிக் கடை எங்கே என்று கேட்டால் வரிசையாகச் சில பெயர்கள் வருகின்றன. மேலே உள்ள கடைகளுக்குத்தான் போன் போகிறது.

நமது வணிகர்கள் பலர் பணம் செலவழித்து இணையதளம் அமைத்துள்ளனர். பார்க்க அழகாக இருக்கும். கூகுளில் தேடினால் கண்ணில் படாது. இதற்குக் காரணம் பல நேரங்களில் சரக்கோ விலையோ அல்ல. தளத்தை அமைத்த விதம்தான்.

கூகுளின் கணினி நிரல் இணையதளங்களை ஒவ்வொன்றாகப் படித்து, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் உள்ளது என்று பேரேடு போலப் பதிந்து வைக்கிறது. யாராவது தேடும்போது அந்தப் பேரேட்டைப் பார்த்தே பதில் தருகிறது. அதனால் படிக்க முடியாத விஷயம் பேரேட்டில் ஏறாது. ஆகவே கவனிக்க வேண்டியவை வருமாறு:

1. விலைப்பட்டியல் எழுத்தாக இருக்கட்டும்

அச்சகத்தில் அடித்த நோட்டீசைப் படம் எடுத்து அப்படியே தளத்தில் போடுகிறோம். நமக்கு அது விலைப்பட்டியல். நிரலுக்கு அது ஒரு படம். படத்தில் உள்ள எழுத்தைக் கூகுள் படித்துவிடும் என்று நம்பியிருக்கக் கூடாது. உங்கள் தளத்தைச் செல்போனில் திறந்து, பட்டியலின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். படத்தைச் சேமிக்கவா என்று கேட்டால் அது எழுத்தல்ல.

எழுத்துருவும் முக்கியம். 1990-களில் தமிழ்த் தளங்கள் ஆளுக்கொரு எழுத்துருவில் இருந்தன. ஒன்றில் அடித்த 'துவரம் பருப்பு' மற்றொன்றில் புரியாத குறிகளாகத் தெரிந்தது. 2010-ல் தமிழக அரசு யூனிகோடு முறையை ஏற்றுக்கொண்டது. தமிழ் எழுத்து யூனிகோடில் இருக்க வேண்டும் என்று தளம் அமைப்பவரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

2. ஒவ்வொரு பக்கத்துக்கும் தலைப்பு

'வருக வருக' என்ற தலைப்பால் பயனில்லை. 'ராயப்பேட்டையில் அரிசி மொத்த வியாபாரம்' என்றிருந்தால் என்ன கடை, எந்த ஊர் என்பது நிரலுக்கும் வாடிக்கையாளருக்கும் விளங்கும். அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் அடைக்காமல் தனித்தனிப் பக்கமாக வையுங்கள். ஆங்கிலத்தில் தேடுவோரும் உண்டு என்பதால் ஊர்ப் பெயரும் சரக்கின் பெயரும் இரு மொழியிலும் இருக்கட்டும். முழு முகவரியும் 600014 என்ற பின்கோடும் எழுத்தாக இடம்பெற வேண்டும்.

3. செல்போனில் சரியாகத் தெரிய வேண்டும்

செல்போனில் தேடுவோருக்கு, செல்போனுக்கு ஏற்ற பக்கங்களை முன்னே காட்டும் முறையை 2015 ஏப்ரலில் கூகுள் கொண்டுவந்தது. இப்போது தளத்தின் செல்போன் வடிவத்தையே முதன்மையாகக் கொண்டு பதிவு செய்கிறது. இந்த மாற்றம் 2023-ல் நிறைவடைந்தது. கணினியில் மட்டும் அழகாகத் தெரிந்தால் போதாது.

4. வேகம்

2018 ஜூலை முதல் செல்போன் தேடலில் பக்கம் திறக்கும் வேகமும் கணக்கில் சேர்ந்தது. பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்துள்ள அளவு. செல்போனில் எடுத்த பெரிய படங்களை அளவைக் குறைத்துப் போடுங்கள். தானாக ஓடும் வீடியோவையும் பாட்டையும் தவிர்க்கலாம். ஆனால் வேகம் மட்டும் போதாது; வாடிக்கையாளர் கேட்பதற்குப் பதில் பக்கத்தில் இருந்தால்தான் மற்றவை உதவும்.

5. குறுக்கு வழி வேண்டாம்

'முதலிடம் நிச்சயம்' என்று பணம் கேட்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். அப்படி யாரும் உறுதி தர முடியாது என்று கூகுளே கூறுகிறது. நிரலுக்கு ஒரு பக்கம், வாடிக்கையாளருக்கு வேறு பக்கம் என்று காட்டியதற்காக 2006-ல் பி.எம்.டபிள்யூ. கார் நிறுவனத்தின் ஜெர்மன் தளத்தையே கூகுள் நீக்கியது. அந்தப் பக்கங்களை எடுத்த பிறகே மீண்டும் சேர்த்தது. பெரிய நிறுவனத்துக்கே அந்தக் கதி என்றால் நமக்கு எம்மாத்திரம்?

6. வரைபடப் பதிவு

கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிவு செய்யக் கட்டணம் இல்லை. தேடியதற்குப் பொருத்தம், கடையின் தூரம், கடைக்குள்ள பெயர் ஆகிய மூன்றையும் பார்த்தே வரிசை அமைகிறது. பணம் கட்டி அதில் மேலே வர முடியாது. பெயரும் முகவரியும் தொலைபேசி எண்ணும் தளத்திலும் வரைபடத்திலும் ஒன்றுபோல இருக்க வேண்டும்.

தளம் அமைப்பவருக்குக் கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன் இந்த ஆறையும் அவரை அருகில் வைத்துக்கொண்டே சரிபாருங்கள். தளத்தின் பெயர்ப் பதிவு உங்கள் பெயரில் உள்ளதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மூட்டையை எடை போட்டுப் பார்த்து வாங்கும் நாம், இதையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.