சொன்னால் புரிகிற ஆள்

காஞ்சியின் பிள்ளைகள் – 9

உடலையும் கரையையும் கோத்து நெய்யும் கோர்வைப் பட்டுச் சேலைக்கு மூன்று நாடா. நெசவாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மூன்றாவது நாடாவைப் போட அன்று ஒரு சிறுவனை வைத்துக்கொள்வார்கள். வீட்டார் வாங்கிய முன்பணம் கழியும்வரை அவனுக்குப் பள்ளிக்கூடம் இருந்ததில்லை. பட்டுத் தொழிலில் இப்படிக் கொத்தடிமையாகச் சிக்கிய பிள்ளைகளைப் பற்றி 'ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்' 2003-இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் உண்டு. அவர்களில் பலர் தலித்துகள். சென்ற வாரம் பார்த்தோம்.

அந்தத் தலைமுறை பெற்ற பிள்ளைகள் இன்று 'முதல் பட்டதாரி' சான்றிதழோடு கல்லூரிக்குள் நுழைகிறார்கள். நுழைந்ததும் வரும் கேள்வி: "எந்த ஊரு? ஊரா, காலனியா?" பெரிய கல்வி நிறுவனங்களில், நுழைவுத் தேர்வு ரேங்கை வைத்து இட ஒதுக்கீட்டைக் கண்டுபிடிக்க, அதையே "ரேங்க் என்ன?" என்று கேட்பார்கள். கேட்கிறவருக்கு அது அரை நிமிடப் பேச்சு. பதில் சொன்ன பிள்ளையோ அன்றிரவு முழுக்க அதையே நினைத்துப் புரண்டுகொண்டிருக்கும்.

சாதிப் பாகுபாட்டைப் பேசவைத்த மாணவர் மரணங்களும் உண்டு. ஐதராபாத்தில் ஆய்வு மாணவர் ரோகித் வெமுலா 2016-இல் இறந்தார். சேலத்துப் பிள்ளை முத்துக்கிருஷ்ணன் 2017-இல் டெல்லியில் இறந்தார். மும்பை ஐஐடியில் முதலாண்டு மாணவர் தர்ஷன் சோலங்கி 2023 பிப்ரவரியில். அதற்கு முந்தைய ஆண்டுதான் அதே ஐஐடியின் எஸ்.சி., எஸ்.டி. மாணவர் பிரிவு ஒரு கணக்கெடுப்பு நடத்தியிருந்தது. பதில் சொன்னவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் மனநலச் சிக்கல் இருப்பதாகச் சொல்லியிருந்தார்.

ஆலோசகரிடம் போனால் என்ன? போகலாம். ஆனால் "அதையெல்லாம் மனசுல வச்சுக்காதப்பா" என்ற பதில் வந்தால், அந்தப் பிள்ளை மறுபடி அந்த அறைக்குப் போகாது. நடந்தது சாதிதான் என்று முதலில் நிரூபித்துவிட்டு, அப்புறம்தான் அழ முடியுமென்றால் யார்தான் போவார்கள்?

இளைஞர்கள் தாங்களே இறங்கியது இதனால்தான். பத்திரிகையாளர் திவ்யா கந்துகூரி தொடங்கிய 'தி புளூ டான்' தலித், பழங்குடி, பிற்பட்ட சமூகத்துப் பிள்ளைகளை ஒன்றாக உட்காரவைத்துப் பேசவைக்கிறது. அவர்களுக்குச் சிகிச்சை எட்டவும் வழிசெய்கிறது. ஐஐடிகளிலும் மத்தியப் பல்கலைக்கழகங்களிலும் இருக்கும் அம்பேத்கர் வாசகர் வட்டங்களை அரசியல் மேடை என்று மட்டும் பார்ப்பது தவறு. விடுதியில் ஒரு ஜூனியர் இரண்டு நாளாகச் சாப்பிட வரவில்லையென்றால் கதவைத் தட்டுகிற அண்ணன்மாரும் அக்காமாரும் அங்கேதான் கிடைக்கிறார்கள்.

ஆனாலும் எனக்கு ஒரு கவலை உண்டு. காதுகொடுத்துக் கேட்கிற சீனியருக்கும் வயது இருபதுதான். காயமும் அதே காயம். எல்லாப் பாரத்தையும் அவர் தலையில் ஏற்றிவிட்டு நிர்வாகம் ஒதுங்கிக்கொள்வது அநியாயம். சாதிப் பாகுபாட்டைத் தடுக்கச் சொல்லிப் பல்கலைக்கழக மானியக் குழு 2012-இலேயே விதிமுறை கொண்டுவந்தது. அதை நடைமுறைப்படுத்தக் கோரி ரோகித்தின் தாயும், மும்பையில் இறந்த மருத்துவ மாணவி பாயல் தட்வியின் தாயும் 2019-இல் உச்ச நீதிமன்றம் போக வேண்டியிருந்தது.

காஞ்சிபுரம் வட்டாரக் கல்லூரி முதல்வர்களுக்கு ஒரு வேண்டுகோள். சாதி என்ன செய்யும் என்று தெரிந்த ஆலோசகர் ஒருவரைச் சம்பளம் கொடுத்து அமர்த்துங்கள். மாணவர்கள் கூடிப் பேச ஓர் அறை ஒதுக்குங்கள். உள்ளே கண்காணிக்க ஆள் அனுப்பாதீர்கள்.

இதைப் படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு: இன்றிரவே பேச ஆள் வேண்டுமென்றால் 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

(தொடரும்)