சிங்கிள் ஓ.டி.!

ஓ.சி. தெரியும். ஓ.பி. அடிக்கத் தெரியும் (அதில் சில ஆபீஸ்களுக்கு டாக்டர் பட்டமே தரலாம்!). ஓ.டி. தெரியுமா? 'ஓவர்டைம்தானே ஸார்' என்பீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன், ஒரகடம் கூட்ரோட்டில் டீ குடிக்கும் வரை.

ஷிப்ட் விடுகிற நேரம். வரிசையாகக் கம்பெனி பஸ்கள். பக்கத்தில் நீல யூனிபார்மில் ஒரு தம்பி, கண்ணெல்லாம் சிவப்பு.

"பன்னெண்டு மணி நேரம்ணே. ஓ.டி."

"அப்ப டபுள் சம்பளம்னு சொல்லு!"

"டபுளா? எங்களுக்கு சிங்கிள் ஓ.டி.தாண்ணே."

பி.காம். படித்தவனுக்கு டீ புரையேறியது. 'ஓ.டி. பார்த்தேன்' என்றால் நேரம். 'ஓ.டி. வந்துடுச்சா?' என்றால் பணம். ஒரே வார்த்தைதான். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டது 1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 59-வது பிரிவு: நாளைக்கு 9 மணி நேரமோ, வாரத்துக்கு 48 மணி நேரமோ தாண்டினால் கூலி இரட்டிப்பு. 2020-ல் வந்த புதிய தொகுப்புச் சட்டமும் அந்த இரட்டிப்பில் கை வைக்கவில்லை. கூடவே, தொழிலாளி சம்மதிக்க வேண்டும் என்கிறது. ஆக, 'சிங்கிள் ஓ.டி.' என்பது ஒரு கால் செருப்பு மாதிரி!

இந்த இரட்டிப்புக்கு ஒருமுறை ஆபத்தும் வந்தது. 2023 ஏப்ரலில் தமிழக சட்டசபையில் நிறைவேறிய 12 மணி நேர வேலை மசோதா ஞாபகம் இருக்கிறதா? ஆலைகளுக்கு எந்தெந்தப் பிரிவிலிருந்து விலக்கு தரலாம் என்ற பட்டியலில் இந்த 59-ம் இருந்தது. எதிர்ப்பு கிளம்பியது. மே 1-ம் தேதி, மசோதா வாபஸ் என்றார் முதல்வர் ஸ்டாலின்.

(நம்ம மாதிரி ஆபீஸ் ஆசாமிகள் ராத்திரி ஒன்பது வரை உட்கார்ந்தால் அதற்குப் பெயர் ஓ.டி. அல்ல, 'டெடிகேஷன்'. அதற்கு சிங்கிளும் கிடையாது.)

டீக்கடை பில் பேப்பரில் கணக்குப் போட்டேன். ஒரு பேச்சுக்கு மாதம் 15,600 ரூபாய். 26 நாளால் வகுத்தால் தினம் 600. எட்டு மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 75. நாலு மணி நேர ஓ.டி.க்கு வர வேண்டியது 600. கையில் வருவது 300. மாதம் பத்து நாள் பார்த்தால் துண்டு விழுவது 3,000.

"ரூம் வாடகைண்ணே அது" என்றான் தம்பி. "யார்கிட்ட கேக்கறது?"

"தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம்னு கவர்ன்மென்ட்ல இருக்கு. எழுதிப் போடு."

"போடலாம். மறுநாள் கான்ட்ராக்டர் கேட்லயே நிறுத்திடுவாரே?"

என்னிடம் பதில் இல்லை. பஸ் வந்தது. பில் பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஏறினான்.