பழைய எம்.ஜி. காருக்கு நல்ல மெக்கானிக் எங்கே?

இரண்டே பேர் உட்காரும் கார். கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிடலாம். நீண்ட மூக்கு, தாழ்ந்த உடம்பு. சாலையில் போனால் சிறுவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பெரியவர்களும் பார்ப்பார்கள்!

அதுதான் "எம்.ஜி.பி." என்ற ஸ்போர்ட்ஸ் கார். 1962 முதல் 1980 வரை, இங்கிலாந்து நாட்டில் அபிங்டன் என்ற ஊரில் இதைச் செய்தார்கள். கூரை மூடிய ரகத்தையும் சேர்த்து, 5 லட்சம் கார்களுக்கு மேல் செய்து விற்றார்கள்.

அவற்றில் பல இன்றும் ஓடுகின்றன. தகப்பனார் ஓட்டிய காரை மகன் ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை தோறும் துடைத்துப் பளபளப்பாக வைத்திருக்கிறார்.

ஒரு நாள் காரின் பின்னால் நீலப்புகை கிளம்புகிறது. என்ஜினுக்குள் "டக், டக்" என்று சத்தம். என்ஜினை முழுதாகப் பிரித்து வேலை பார்க்க வேண்டும் என்கிறார்கள்.

அப்போதுதான் வருகிறது தொல்லை. யாரிடம் கொடுப்பது?

கம்பெனி எங்கே போயிற்று?

"கம்பெனியிடமே கொடுக்கலாமே!" என்று நீங்கள் கேட்கலாம்.

அபிங்டன் தொழிற்சாலையை 1980-ல் மூடிவிட்டார்கள். எம்.ஜி. என்ற பெயர் பல கை மாறி, கடைசியில் சீன நாட்டுக் கம்பெனியிடம் போய்ச் சேர்ந்தது. இந்தியாவிலும் 2019 முதல் எம்.ஜி. என்ற பெயரில் புதிய கார்கள் விற்பனை ஆகின்றன. அந்தப் புதிய காருக்கும் பழைய எம்.ஜி.பி. என்ஜினுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பெயர் மட்டுமே ஒன்று.

ஆகவே சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக்கைத்தான் தேடிப் போக வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை. எம்.ஜி. என்ற பெயரே ஒரு பட்டறையின் பெயர்தான்! "மோரிஸ் கராஜஸ்" என்பதன் முதல் எழுத்துக்களே எம்.ஜி. ஆக்ஸ்போர்டு நகரில் வில்லியம் மோரிஸ் என்ற இளைஞர் சைக்கிள் ரிப்பேர் செய்து பிழைத்தார். கையில் இருந்த முதல் வெறும் 4 பவுன் பணம். பிறகு மோட்டார் பட்டறை வைத்தார். பிறகு மோரிஸ் கார் செய்து பெரும் பணக்காரர் ஆனார். அவருடைய பட்டறையை நிர்வாகம் செய்த சிசில் கிம்பர் என்பவர், சாதாரண மோரிஸ் காரை மாற்றி வேகமான கார் செய்தார். அப்படிப் பிறந்ததுதான் எம்.ஜி.

நமக்குத் தெரிந்த என்ஜின்

எம்.ஜி.பி. என்றால் ஏதோ எட்டாத பொருள் என்று எண்ண வேண்டாம். அதன் என்ஜினுக்கு நம் நாட்டில் ஓர் உடன்பிறப்பு உண்டு. அதுதான் அம்பாசிடர் கார் என்ஜின்!

பல ஆண்டுக் காலம் அம்பாசிடரில் இருந்த 1489 சி.சி. பெட்ரோல் என்ஜினும், எம்.ஜி.பி. காரின் 1798 சி.சி. என்ஜினும் ஒரே குடும்பம். "பி சீரிஸ்" என்று பெயர். பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் இரண்டிலும் 88.9 மில்லிமீட்டர்தான். சிலிண்டரின் அகலத்தில்தான் வித்தியாசம். அம்பாசிடரில் 73 மில்லிமீட்டர். எம்.ஜி.பி.யில் 80 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம்.

அம்பாசிடர் என்ஜினைப் பிரித்து மாட்டிய மெக்கானிக்குகள் நம் ஊர்ப் பட்டறைகளில் ஏராளம். அவர்களிடம் எம்.ஜி.பி. என்ஜினைக் காட்டினால், "இது நம்ம ஆள்தானே!" என்று சொல்லிவிடுவார்கள்.

ஆனால் ஸ்போர்ட்ஸ் கார் என்ஜின் படும் பாடு அதிகம். என்ஜின் நிமிஷத்துக்கு 5,000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஒவ்வொரு பிஸ்டனும் ஒரு வினாடிக்குள் சுமார் 83 தடவை மேலே போய்க் கீழே வருகிறது. உள்ளே ஒரு நெட்டு சரியாக முறுக்கப்படாமல் இருந்தால் போதும். பிஸ்டனைத் தாங்கும் தண்டு கழன்று, என்ஜின் சுவரையே உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். பிறகு அந்த என்ஜின் பழைய இரும்புக் கடைக்குத்தான் லாயக்கு!

பணமும் கொஞ்சமாக ஆவதில்லை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அந்தக் கதைதான். மலிவாகக் கிடைத்த கார் என்று வாங்கியவர்கள், என்ஜின் பில்லைப் பார்த்து வாயடைத்து நின்றது உண்டு.

உள்ளே நடப்பது யாருக்குத் தெரியும்?

தையற்காரரிடம் சட்டை தைக்கக் கொடுத்தால், போட்டுப் பார்த்து குற்றம் சொல்லலாம். தச்சரிடம் நாற்காலி வாங்கினால், உட்கார்ந்து பார்க்கலாம். என்ஜின் அப்படி அல்ல. மூடி மாட்டிய பிறகு உள்ளே புதுப் பேரிங் இருக்கிறதா, பழசைத் துடைத்து வைத்தார்களா என்று சொந்தக்காரருக்குத் தெரியாது. வெளியே பெயின்ட் அடித்தால் எல்லா என்ஜினும் புது என்ஜின்தான்!

இங்கிலாந்தில் "கார் மெக்கானிக்" என்று பலகை மாட்டுவதற்குச் சர்க்கார் லைசென்சு கட்டாயம் இல்லை. கை தேர்ந்தவரும் பலகை மாட்டலாம். அரைகுறையும் மாட்டலாம். 40 ஆண்டு தாண்டிய, பெரிய மாறுதல் செய்யாத கார்களுக்கு வருடாந்திரச் சோதனையும் 2018 முதல் கட்டாயம் இல்லை. எம்.ஜி.பி. கார்கள் எல்லாமே இன்று 40 வயதைத் தாண்டிவிட்டன.

அப்படியானால் நல்லவரை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் அடையாளம் இதுதான்: நல்ல மெக்கானிக் அளந்து பார்க்காமல் வாய் திறக்க மாட்டார்.

பட்டறைக்குள் கார் நுழைந்ததுமே, "என்ஜின் அவுட்! முழுதாகப் பிரிக்க வேண்டும். திங்கட்கிழமை வாருங்கள், தயாராக இருக்கும்" என்கிறார் ஒருவர். அவரிடம் கொடுக்காதீர்கள். அவர் இன்னும் காரைப் பார்க்கவே இல்லை!

இன்னொருவர் புகையைப் பார்க்கிறார். நீலப்புகை என்றால் எண்ணெய் எரிகிறது. கரும்புகை என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. கார்ப்பரேட்டரைச் சரி செய்தால் தீர்ந்துவிடலாம். சூடான பிறகும் வெண்புகை அடங்காமல் வந்தால், தண்ணீர் உள்ளே கசிகிறது. ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம்.

பிறகு பிளக்குகளைக் கழற்றுகிறார். ஒவ்வொரு சிலிண்டராகக் காற்றின் அழுத்தத்தை அளக்கிறார். ஒன்றில் மட்டும் அழுத்தம் குறைவு. உடனே முடிவு கட்டவில்லை. அந்தச் சிலிண்டரில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளக்கிறார். எண்ணெய் விட்டதும் அழுத்தம் ஏறினால், பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லை என்றால், வால்வில் கோளாறு. வால்வு கோளாறுக்கு ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும். முழு என்ஜினையும் பிரிக்க வேண்டாம்!

ஒரு கரண்டி எண்ணெயில் பெருந்தொகை மிச்சம். பெரிய வேலை கிடைக்கும் என்று தெரிந்தும், "சின்ன வேலை போதும்" என்று சொல்கிறாரே, அவரைக் கையை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.

மயிரிழை கணக்கு

முழு வேலைதான் செய்தாக வேண்டும் என்று ஆகிவிட்டால், அளவு இன்னும் முக்கியம்.

ஓர் அங்குலத்தை 1,000 கூறு போடுங்கள். தலைமயிரின் பருமன் அதில் ஏறத்தாழ 3 கூறுதான். என்ஜின் வேலையின் கணக்கு எல்லாம் இந்தக் கூறுகளில்தான் நடக்கிறது. சிலிண்டர் தேய்ந்து முட்டை வடிவம் ஆகியிருக்கும். அதை மறுபடி வட்டமாகக் குடைந்து, பெரிய பிஸ்டன் போட வேண்டும். 20, 30, 40, 60 கூறு என்று பெரிய பிஸ்டன்கள் விற்கின்றன. ஏற்கெனவே 60 வரை குடைந்த சிலிண்டரானால், ஸ்லீவ் போட்டுத்தான் பிழைக்க வைக்க வேண்டும்.

புதுப் பிஸ்டன் கைக்கு வந்து, அதை அளந்த பிறகே சிலிண்டரைக் குடைய வேண்டும். அவசரக்காரர்கள் முதலில் குடைந்துவிட்டுப் பிஸ்டனைத் தேடுவார்கள். குடைந்த இரும்பை மறுபடி ஒட்ட வைக்க முடியுமா?

சிலிண்டர் குடைவதும், கிராங்க் தண்டைக் கடைவதும் பெரும்பாலும் மெக்கானிக்கின் பட்டறையில் நடப்பதில்லை. வேறு போரிங் பட்டறைக்கு அனுப்புகிறார். எந்தப் பட்டறைக்கு என்று கேளுங்கள். நேர்மையானவர் பெயரைச் சொல்வார். "அதெல்லாம் உங்களுக்கு எதற்கு?" என்றால், வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடலாம்.

அளவுகளை எல்லாம் ஒரு தாளில் எழுதி வாங்க வேண்டும். நான்கு சிலிண்டர்களும் முன்னே எவ்வளவு, பின்னே எவ்வளவு? கிராங்க் தண்டில் எவ்வளவு கடைந்தார்கள்? போட்ட பேரிங் என்ன அளவு? இந்தத் தாளைக் கொடுப்பவர் ஏமாற்றுவது கடினம். பின்னால் வேறு யார் பிரித்தாலும் அளந்து பார்த்துவிடலாம் அல்லவா?

கழற்றிய பழைய சாமான்களையும் ஒரு பெட்டியில் போட்டுத் தரச் சொல்ல வேண்டும். இந்தக் காலத்தில் செல்போன் இருக்கிறது. வேலை நடக்கும்போதே படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம். நல்ல மெக்கானிக்குகள் கேட்காமலே அனுப்புகிறார்கள்.

சோப்பும் வெந்நீரும்

கெட்டிக்காரரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அது சுத்தம்.

சிலிண்டரைக் குடைந்து, கல்லால் தேய்த்த பிறகு, கண்ணுக்குத் தெரியாத இரும்புத் தூளும் கல் தூளும் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். பெட்ரோலால் துடைத்தால் அது முழுதும் போகாது. சோப்பும் வெந்நீரும் போட்டு, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். வீட்டில் பாத்திரம் தேய்க்கிற மாதிரிதான்! வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே இருக்க வேண்டும். உடனே எண்ணெய் பூசிவிட வேண்டும். இல்லாவிட்டால் துருப்பிடிக்கும்.

எண்ணெய் ஓடும் சிறு துளைகளின் அடைப்பான்களைக் கழற்றி, உள்ளேயும் கழுவ வேண்டும். இதைச் செய்யாத என்ஜின் முதல் நாள் இனிமையாகப் பாடும். சில மாதத்தில் புதுப் பேரிங்கில் கோடு கோடாகக் கீறல் விழும்.

ஆகவே மெக்கானிக்கைத் தேடும்போது பட்டறையைப் பாருங்கள். தரையில் எண்ணெய் இருப்பது சகஜம். ஆனால் திறந்த என்ஜின் மேல் துணி மூடியிருக்கிறதா? சிறு சாமான்கள் பெயர் எழுதிய டப்பாக்களில் இருக்கின்றனவா? ஒரே கார் மாதக்கணக்கில் தூசி மூடிக் கிடக்கிறதா?

யாரிடம் விசாரிப்பது என்றால், அந்தக் கார் வைத்திருப்பவர்களிடம்தான். இங்கிலாந்தில் எம்.ஜி. கார் கிளப் 1930-ல் தொடங்கியது. அந்த மாதிரி கிளப்புகளில் கேட்டால், எந்த ஊரில் யார் நன்றாகச் செய்வார் என்று தெரிந்துவிடும். போன மாதம் வேலை செய்துகொண்டவரைக் கேட்டுப் பயன் இல்லை. ஐந்து வருஷத்துக்கு முன் செய்துகொண்டவரைக் கேட்க வேண்டும்.

கையில் வேலை நிறைந்த மெக்கானிக், "நாலு மாதம் ஆகும்" என்பார். கோபம் வேண்டாம். காத்திருக்கலாம். ஆனால் மொத்தப் பணத்தையும் முதலிலேயே கேட்டால் யோசிக்க வேண்டும். சாமான் வாங்கும்போது அதற்கான பணம், வேலை முடிய முடியக் கூலி என்று எழுத்தில் பேசிக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது. சட்டமும் உதவிக்கு உண்டு. 2015-ம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வேலையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யாவிட்டால், கூலி வாங்காமல் மறுபடி செய்து தர வேண்டும். அது முடியாவிட்டால் பணத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அதே சமயம் கூலி கொடுக்காதவரின் காரைப் பிடித்து வைத்துக்கொள்ள மெக்கானிக்குக்கும் உரிமை உண்டு!

முதல் 20 நிமிஷம்

வேலை முடிந்து என்ஜினை முதல் தடவையாக ஸ்டார்ட் செய்யும் நாளில், சொந்தக்காரர் பட்டறையில் இருப்பது நல்லது.

புதுக் கேம் தண்டு போட்டிருந்தால், ஸ்டார்ட் ஆனதும் மெதுவாக ஓடவிடக் கூடாது. 2,000 சுற்றுக்கு மேல் வைத்து, சுமார் 20 நிமிஷம் ஓட்ட வேண்டும். மெதுவாக ஓடினால் கேம் தண்டுக்குப் போதிய எண்ணெய் தெறிக்காது, புதிதிலேயே தேய்ந்துவிடும். சத்தம் காதைத் துளைக்கும். மெக்கானிக் கண் மட்டும் ஆயில் கேஜிலேயே இருக்கும். சூடான என்ஜின் வேகமாக ஓடும்போது, சதுர அங்குலத்துக்கு 50 முதல் 80 பவுண்டு வரை அழுத்தம் காட்டினால் அவர் முகத்தில் சிரிப்பு வரும்.

அதோடு அவர் விட்டுவிட மாட்டார். "500 மைல் ஓட்டிவிட்டு வாருங்கள். மிதித்து ஓட்டாதீர்கள்" என்று அனுப்புவார். திரும்பி வந்ததும் ஹெட் நெட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்ப்பார். எண்ணெயை வடிப்பார். பில்டரை அறுத்துப் பிரித்து, மடிப்பு மடிப்பாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். தங்க நிறத்திலோ வெள்ளி நிறத்திலோ பொடி மினுக்கினால், உள்ளே எதுவோ தேய்கிறது என்று பொருள். என்ஜினை அவரே மறுபடி திறப்பார். மினுக்கவில்லை என்றால், புது எண்ணெய் ஊற்றி, சாவியைச் சொந்தக்காரர் கையில் கொடுப்பார்.