முகக் கறுப்புக்குக் கிறீம் வாங்கும் முன்...

ஷார்ஜா தொழில்பேட்டைப் பக்கம் குடிவந்த எமது பெண்கள் இருவர் சந்தித்தால், வீட்டு வாடகைக்கு அடுத்தபடியாகக் கதை வந்து நிற்பது முகத்தில்தான். "ஊரிலை இருக்கேக்கை இப்பிடி இல்லை அக்கா, இஞ்சை வந்துதான் கன்னம் கறுத்தது." ஆண்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் கராஜ் வேலை முடிந்து வந்து கண்ணாடியை இரண்டு தரம் பார்ப்பதை நாம் கண்டிருக்கிறோம்.

பலர் இங்குள்ள தண்ணீரைத் திட்டுகிறார்கள். தண்ணீர் பாவம். கன்னத்தில் கபில நிறமாய்ப் படரும் மங்குக்கு வெயிலும், கர்ப்பமும், சிலருக்குக் கருத்தடை மாத்திரையும் காரணமாகின்றன. பருவைக் கிள்ளியதால் நிற்கும் கறுப்பு வேறு. கழுத்திலும் முதுகிலும் வெளிறிப் படரும் தேமல் வேறு. அது பூஞ்சணத்தால் வருவது, அதற்கான மருந்துக்கு அடங்கும். எல்லாவற்றுக்கும் இந்த ஒரு டப்பி போதும் என்று எவராவது சொன்னால் அங்கேயே சந்தேகப்பட வேண்டும்.

அந்த டப்பியைப் பற்றிச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தோம். எமக்குத் தெரிந்த தங்கை ஒருவர், மாப்பிள்ளை வீட்டுக்குப் படம் அனுப்ப வேண்டுமென்று, உள்ளடக்கம் எதுவும் அச்சிடாத கிறீம் ஒன்றை வாங்கினார். இரண்டு கிழமையில் முகம் பளிச்சென்றது. நிறுத்தியதும் சிவந்து எரிந்து, முகமெல்லாம் பரு. இது ஸ்டீரொயிட் கலந்த கிறீமின் குணம். விட்டால் எரிவு; விடாமல் பூசினால் தோல் மெலிந்து இரத்த நாளங்கள் வெளியே தெரியும். இந்தியாவில் 2018இல் இத்தகைய கிறீம்கள் பலவற்றை வைத்தியரின் சீட்டில்லாமல் விற்பதற்குத் தடை வந்தது.

இதைவிடப் பொல்லாதது பாதரசம். தோலின் நிறப்பொருள் உருவாவதை அது மறிப்பதால் முகம் வெளுக்கிறது. ஆனால் தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைத் தாக்குகிறது. எமது அயலவர் பலருக்குச் சொந்த ஊரான மலப்புறம் மாவட்டத்தில், கோட்டக்கல் ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனையின் வைத்தியர்கள், 2021 யூலை முதல் 2023 செப்டெம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். 15 பேருக்கு இருந்தது அந்த நோயின் அபூர்வமான ஒரு பிரிவு. அந்தப் பதினைந்து பேரில் 13 பேர் வெள்ளையாக்கும் கிறீம் பூசியவர்கள்!

தங்க நகை, வெள்ளி, அலுமினியம் படக்கூடாது என்று டப்பியில் எழுதியிருந்தால் உள்ளே பாதரசம் இருக்கலாம். தாலிக்கொடிக்கு ஆகாதது கன்னத்துக்கு ஆகுமா? தலையணை உறையிலும் துவாயிலும் ஒட்டி, பூசாத பிள்ளைக்கும் அது போய்ச் சேரும். ஓர் அறைக்குள் ஐந்து பேர் படுக்கும் எமது வீடுகளில் இதை யோசிக்க வேண்டும்.

லேசரைப் பற்றியும் கேட்கிறார்கள். எமது நிறத் தோலில் நிறப்பொருள் அதிகம். பொருந்தாத லேசர் பட்டால் சுட்டு, முன்னிருந்ததைவிடக் கறுப்பு விழும். 1064 நானோமீற்றர் அலைநீளம் எமக்கு ஓரளவு பாதுகாப்பானது. ஆனாலும் மங்கு திரும்பி வரக்கூடியது. அமிலம் பூசித் தோலுரித்துவிட்டு மறுநாள் வெயிலில் வேலைக்கு நிற்பவருக்கு அந்தக் காசு வீண். வெயில் தடுப்புக் கிறீமும் தொப்பியும்தான் முதல் மருந்து. கர்ப்பிணிகள் வைத்தியரைக் கேளாமல் எதையும் பூச வேண்டாம். உருவமோ நிறமோ மாறும் மச்சத்தை அழகு நிலையத்தில் காட்ட வேண்டாம்; தோல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

2025 ஜனவரி 1 முதல் ஷார்ஜாவிலும் தனியார் துறை வேலையாட்களுக்கு மருத்துவக் காப்புறுதி கட்டாயமாகியிருக்கிறது. அழகுச் சிகிச்சை பொதுவாக அதில் சேராது. தோல் நோய்க்கு வைத்தியரைப் பார்ப்பது வேறு விடயம். உங்கள் அட்டையில் என்ன உண்டென்று கேட்டுப் பாருங்கள்.

ஏற்கெனவே பூசுபவர்களுக்குக் கால் வீங்கினாலோ சிறுநீர் நுரைத்தாலோ பிந்த வேண்டாம். டப்பியை எறியாமல், இறுக மூடி, பையில் கட்டி வைத்தியரிடம் கொண்டுபோங்கள். என்ன பூசினீர்கள் என்பதை அவர் அறிய அதுதான் உதவும்.