பாவை இருக்கும் மலையில் மந்திரவாதிக்கு என்ன வேலை?

தமிழ் மாயக்கதைகளில் வரும் மந்திரவாதிக்கு ஊர் எது என்று கேட்டால், ஒன்று மலையாள தேசம் என்பார்கள், இல்லாவிட்டால் கொல்லிமலை. நாமக்கல்லில் பஸ் ஏறி, சேந்தமங்கலம் தாண்டி, காரவள்ளியில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கடந்தால், மேலே கண்ணில் படுவது மிளகுக் கொடியும் பலாவும் அன்னாசியும்தான். வருகிறவர்கள் விடுவதில்லை. சித்தர் குகை எங்கே, கோரக்கர் எங்கே தவம் செய்தார் என்று துருவித் துருவிக் கேட்கிறார்கள். இந்த ஆசையை நமக்கு ஊட்டியதில் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆகவே, மாயக்கதை எழுதியவர்களில் யார் பெரியவர் என்ற ஓயாத சண்டையை இந்த மலையில் வைத்துப் போடுவதுதான் முறை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பரணர்.

சிரிக்க வேண்டாம். கொல்லிப்பாவை என்ற பெண்ணுருவைப் பற்றிச் சங்கப் புலவர்கள் சொன்னதை எல்லாம் திரட்டினாலும் ஒரு பக்கம் தேறாது. ஆனால் அந்த ஒரு பக்கம் இரண்டாயிரம் ஆண்டுகளாக நம்மை விடவில்லை. குறுந்தொகையின் 89-ம் பாட்டில் பரணர், அந்தப் பாவையை ஒரு தெய்வம் மலையின் மேற்குப் பக்கத்தில் எழுதிவைத்தது என்கிறார். நற்றிணை 192-ல் அதைச் செய்தது ஒரு பூதம். நற்றிணை 201-ல் மறுபடியும் பரணர்: காற்று மோதட்டும், மழை கொட்டட்டும், இடி விழட்டும், நிலமே குலுங்கட்டும், அவள் அழகு குலையாது என்கிறார். அதற்குமேல் ஒரு சொல் கிடையாது. எதற்காக அங்கே நிற்கிறாள், அவளால் யாருக்கு என்ன ஆகும் என்ற பேச்சே இல்லை. தன்னைக் கடிந்துகொள்ளும் தோழனிடம், ‘என் மனசை விட்டு அவள் போக மாட்டாள்’ என்று காதலன் சொல்வதற்குத்தான் இவ்வளவு ஏற்பாடும். மாயத்தைச் செலவழிக்கத் தெரிந்தவர் பரணர்.

சிரித்தே கொல்வாள் என்று நாமெல்லாம் கேட்டு வளர்ந்த கதை இந்தப் பாட்டுகளில் இல்லை. 1915-ல் வெளிவந்த நற்றிணை உரையில் பின்னத்தூர் நாராயணசாமி ஐயர் அதை விரிவாகச் சொல்கிறார். மலையில் வாழும் தேவர்களையும் முனிவர்களையும் அரக்கர்கள் தொல்லை செய்கிறார்கள். அந்த அரக்கர்கள் வரும் வழியில் ஒரு பாவை செய்து நிறுத்தப்படுகிறது. அரக்கரின் வாடை பட்டதும் பாவை தானாகவே நகைக்கும், மயங்கியவனைக் கொல்லும். வீடியோ கேம் எழுதுகிறவர்கள் பொறாமைப்படும் அளவுக்குக் கச்சிதமான ஏற்பாடு. எனக்கும் பிடித்த கதைதான். இருந்தாலும், வாடை பட்டால் சிரிக்கும் என்று தெரிந்துவிட்ட பிறகு அவள் ஒரு காவல் பொறி ஆகிவிடுகிறாள். பரணரின் பாவையிடம் இருந்த பயம் இவளிடம் இல்லை.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு நம் காலத்து எழுத்துக்கு வந்தால் சில பெரிய பெயர்களே ஆட்டம் காண்கின்றன. 1947-ல் தொடங்கிய அம்புலிமாமாவை நான் தொடமாட்டேன். சங்கர் வரைந்த விக்கிரமாதித்தன் தோளில் தொங்கும் வேதாளத்தைக் குறை சொல்ல யாருக்கு மனசு வரும்? வாண்டுமாமாவும் அப்படியே. குழந்தைகளுக்கு எழுதும்போது மாயத்துக்கும் ஒரு கணக்கு வழக்கு வேண்டும் என்று தெரிந்தவர் அவர்.

சண்டை சூடுபிடிப்பது இந்திரா சௌந்தர்ராஜனிடம். சேலத்தில் பிறந்து மதுரையில் வாழ்ந்து 2024 நவம்பரில் மறைந்தவர். சித்தர், ஓலைச்சுவடி, ரசமணி, பூட்டிய கோயில் அறை என்று அவர் போட்ட பாதையில்தான் இன்றைக்கும் பலர் நடக்கிறார்கள். தீவிர இலக்கியக்காரர்கள் அவரைக் கண்டுகொள்ளவில்லை என்பது உண்மை. அது அவர்களுக்குத்தான் நஷ்டம். நாகா இயக்கத்தில் ‘மர்மதேசம்’ வரிசையில் வந்த ‘விடாது கருப்பு’ தொடரை நினைத்துப் பாருங்கள். குதிரையில் வந்து தண்டிக்கும் கருப்புக்குக் கடைசியில் மனநோய் என்ற விளக்கம் கிடைக்கிறது. விளக்கம் கிடைத்த பிறகும் இருட்டில் குளம்புச் சத்தம் கேட்டால் நமக்குக் கால் நகராது. நம்புகிறவனையும் நம்பாதவனையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்த சாமர்த்தியம் அது. அவர் வழியில் வந்த பலருக்கு அது கைவரவில்லை. பத்துப் பக்கத்துக்கு ஒரு சித்தர் வந்து எல்லாவற்றையும் விளக்கிவிட்டுப் போகிறார்.

இன்னொரு முனையில் ஜெயமோகனின் ‘விஷ்ணுபுரம்’, 1997. டோல்கீன் ஒரு உலகத்துக்கே வரைபடம் போட்டார் என்று வியக்கிறவர்கள், சோனா நதிக்கரையில் ஒரு நகரத்தையே கட்டி, அதைப் பிரளயத்தில் மூழ்கடிக்கவும் துணிந்த இந்த நாவலை ஒருமுறை படிக்க வேண்டும். தத்துவ விவாதப் பகுதியில் மூச்சு வாங்கும், எனக்கும் வாங்கியது. ஆனால் அதன் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. நகரத்தார் விஷ்ணு என்று கும்பிடும் அந்தப் படுத்த பேருருவம், மலைக்குடிகளுக்கு அவர்களுடைய பெருமூப்பன். சாமி யாருடையது என்ற கேள்வியை மாயக்கதையின் நடுவில் வைத்த துணிச்சலுக்காகவே என் பட்டியலில் பரணருக்கு அடுத்த இடம் அதற்கு.

அந்தக் கேள்வி கொல்லிமலைக்கு அப்படியே பொருந்தும். மலையில் எட்டுக்கை அம்மன் கோயில் இருக்கிறது. அவள்தான் கொல்லிப்பாவை என்று சொல்கிறவர்கள் நிறைய. புலவர்கள் தெய்வம் என்றார்கள், பூதம் என்றார்கள். உரைகாரர் பொறி என்றார். கும்பிடுகிறவர்களுக்கு அவள் அம்மன். இந்த நாலு பேரும் ஒரே கதைக்குள் சண்டை போட்டால் எப்படி இருக்கும்! பாவை மட்டுமா? இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரிக்கு ஆடி மாதம் எடுக்கும் விழாவுக்குச் செம்மேட்டில் கூட்டம் கூடுகிறது. யானை, புலி, மான், பன்றி, உடும்பு எல்லாவற்றையும் ஒரே அம்பால் துளைத்தான் ஓரி என்கிறது புறநானூறு 152. கதை எழுத அந்த அம்பும் கையில் இருக்கிறது. நம் கதாசிரியர்களோ மந்திரவாதியை மட்டும் பஸ் ஏற்றி மேலே அனுப்புகிறார்கள். சாமை விதைத்து மிளகு பறிக்கும் இந்த மலையின் பழங்குடிகளான மலையாளி மக்கள் வழி காட்டுவதற்கு ஒரு அத்தியாயத்தில் வந்து, அடுத்த அத்தியாயத்தில் செத்துப்போகிறார்கள். ஒரு மலையாளிக் கிழவி கதை சொல்கிறவளாக வரும் கொல்லிமலை நாவல் எதுவும் என் கையில் இதுவரை அகப்படவில்லை. உங்களிடம் இருந்தால் பெயரைச் சொல்லுங்கள். பரணரோடு போட்டிக்கு வைத்துப் பார்த்துவிடலாம்.