ஆண்களின் மார்பு வீக்கம்: அறுவை சிகிச்சை எப்போது, எப்படி?

ஆண்களின் மார்பில் உள்ள சுரப்பித் திசு அளவுக்கு மீறி வளர்ந்து, காம்பைச் சுற்றிய பகுதி பருத்துத் தெரியும் நிலையை மருத்துவத்தில் 'கைனகோமேஸ்டியா' என்கிறார்கள். ஒரு பக்கம் மட்டும் வரலாம். இரு பக்கமும் வரலாம். இது புற்றுநோய் அல்ல. உயிருக்கு ஆபத்தானதும் அல்ல. ஆனால் மனதுக்குத் தரும் வேதனை பெரிது. சட்டையைக் கழற்ற வேண்டிய கோயிலுக்கும் நீச்சல் குளத்துக்கும் போகாமல் தவிர்ப்பவர்கள், கொளுத்தும் வெயிலிலும் சட்டைக்குள் இரண்டு பனியன் போடுபவர்கள், தோளைக் குறுக்கியே நடந்து பழகிவிட்ட மாணவர்கள் எனப் பலர் இதை வெளியே சொல்லாமல் சுமக்கிறார்கள். கேலிக்கு அஞ்சி மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடுவதும் வழக்கமாகிவிட்டது.

ஏன் வருகிறது?

டெஸ்டோஸ்டீரோன், ஈஸ்ட்ரோஜன் ஆகிய ஹார்மோன்கள் ஆண், பெண் இருவர் உடலிலும் உண்டு. ஈஸ்ட்ரோஜன் மார்புச் சுரப்பியை வளரத் தூண்டும். டெஸ்டோஸ்டீரோன் அந்த வளர்ச்சியை அடக்கி வைக்கும். இரண்டுக்கும் இடையிலான விகிதம் பிசகும்போது ஆணின் மார்பிலும் சுரப்பி வளரத் தொடங்குகிறது. கொழுப்புத் திசுவில் உள்ள 'அரோமடேஸ்' என்ற நொதி, டெஸ்டோஸ்டீரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும் வேலையைச் செய்கிறது. உடல் பருமன் உள்ளவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வாழ்நாளில் மூன்று கட்டங்களில் இது இயல்பாகவே வரக்கூடும். பிறந்த குழந்தைக்குத் தாயின் ஈஸ்ட்ரோஜனால் மார்பு வீங்கிச் சில வாரங்களில் வடிந்துவிடும். அடுத்தது பருவ வயது. பதின்ம வயதுப் பையன்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் இது வருகிறது. 13, 14 வயதில் உச்சத்தை எட்டி, பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு ஆண்டுகளில் தானாகவே மறைந்துவிடுகிறது. மூன்றாவது கட்டம் 50 வயதுக்கு மேல், டெஸ்டோஸ்டீரோன் குறையத் தொடங்கும் காலம்.

இவை தவிர மருந்துகளும் காரணமாகலாம். இதய நோய்க்கும் கல்லீரல் நோய்க்கும் தரப்படும் ஸ்பைரனோலாக்டோன், புராஸ்டேட் சிகிச்சைக்கான ஃபினாஸ்டரைடு, பைகலூட்டமைடு, மனநல மருந்தான ரிஸ்பெரிடோன் ஆகியவை அவற்றில் சில. ஜிம்முக்குப் போகும் இளைஞர்கள் தசை வளர்ப்பதற்காக ஊசியாகவும் மாத்திரையாகவும் எடுத்துக்கொள்ளும் அனபாலிக் ஸ்டீராய்டும் முக்கியக் காரணம். மிகுதியான மதுப்பழக்கம், கல்லீரல் சுருக்கம், சிறுநீரகச் செயலிழப்பு, தைராய்டு மிகைச் சுரப்பு, விரையில் வரும் கட்டி, பிறவியிலேயே எக்ஸ் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கும் கிளைன்ஃபெல்டர் நிலை ஆகியவற்றாலும் மார்பு பெருக்கலாம்.

முதலில் பரிசோதனை

மார்பு பருத்தவர்கள் எல்லோருக்கும் சுரப்பி வளர்ந்திருப்பதில்லை. வெறும் கொழுப்பு சேர்ந்தாலும் மார்பு அப்படியே தெரியும். கையால் தொட்டுப் பார்த்தே மருத்துவர் பெரும்பாலும் இதைப் பிரித்தறிவார். சுரப்பி வளர்ந்திருந்தால் காம்புக்கு நேர் கீழே ரப்பர் வட்டு போன்ற ஒரு திரட்சி விரலில் படும். கொழுப்பு என்றால் மார்பு முழுவதும் மெத்தென்று இருக்கும். உடல் எடை குறைந்தால் அதுவும் குறையும். சுரப்பித் திசுவோ உடற்பயிற்சிக்குக் கரைவதில்லை. பலரிடம் இரண்டும் கலந்தே இருக்கின்றன.

எடுத்துக்கொள்ளும் மருந்துகளை விசாரிப்பதும் விரைகளைப் பரிசோதிப்பதும் அவசியம். தேவைப்பட்டால் ஹார்மோன் அளவு, கல்லீரல், சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றுக்கான ரத்தப் பரிசோதனைகளும் ஸ்கேனும் செய்யப்படும். மார்பகப் புற்றுநோயாளிகளில் சுமார் 1 சதவீதம் பேர் ஆண்கள். காம்பிலிருந்து விலகி ஒரு பக்கமாகக் கல் போன்ற கெட்டிக் கட்டி இருந்தாலோ, காம்பு உள்ளிழுத்துக்கொண்டாலோ, ரத்தம் கசிந்தாலோ, அக்குளில் நெறி கட்டினாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

கத்தி எப்போது தேவை?

காரணம் ஒரு மருந்து என்றால் மருத்துவரின் ஆலோசனையோடு அதை மாற்றுவதே சிகிச்சை. நோய் என்றால் அந்த நோயைக் கவனிக்க வேண்டும். பருவ வயதுப் பையன்களுக்குப் பொறுத்திருந்து பார்ப்பதே சரியான வழி; வளர்ச்சி முடியும் முன் அறுவை செய்தால் மீண்டும் வர வாய்ப்பு உண்டு. வீக்கம் புதிதாக, வலியோடு இருக்கும்போது டமாக்சிஃபென் மாத்திரை சிலருக்குப் பலன் தருகிறது. ஓர் ஆண்டுக்கு மேல் நீடித்துவிட்டால் சுரப்பி நார்த்திசுவாக இறுகிவிடும். அதன் பிறகு மாத்திரையால் பெரிய பயன் இல்லை. இப்படி நிலைத்துவிட்ட வீக்கம் வலியோ மன உளைச்சலோ தரும்போதுதான் அறுவை சிகிச்சை பேச்சுக்கு வருகிறது.

அறுவை முறைகள்

இந்த அறுவை சிகிச்சை மிகப் பழமையானது. 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் பால் ஆஃப் ஈஜினா, மார்பின் கீழே பிறை வடிவில் கீறிக் கொழுப்பை அகற்றித் தைக்கும் முறையை எழுதி வைத்திருக்கிறார். 1946இல் வெப்ஸ்டர் என்ற அறுவை மருத்துவர், காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் கீழ் விளிம்பில் அரைவட்டமாகக் கீறும் முறையை விளக்கினார். கருவட்டமும் தோலும் சந்திக்கும் கோட்டிலேயே தழும்பு மறைந்துவிடுவதால் இந்தக் கீறல் இன்றும் பயன்படுகிறது. 1980களில் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லிபோசக்‌ஷனும் இதனுடன் சேர்ந்தது.

எந்த முறை பொருந்தும் என்பதை வீக்கத்தின் அளவும் தோலின் தொய்வும் முடிவு செய்கின்றன. 1973இல் சைமனும் அவருடைய சகாக்களும் வகுத்த பிரிவு இதற்கு இன்றும் உதவுகிறது: சிறிய வீக்கம், தோல் தொய்வில்லாத நடுத்தர வீக்கம், லேசான தொய்வுள்ள நடுத்தர வீக்கம், தோல் தொங்கும் பெரிய வீக்கம்.

கொழுப்பு மிகுந்திருந்தால் லிபோசக்‌ஷன் போதுமானதாக இருக்கலாம். மரத்துப்போகச் செய்யும் மருந்தும், ரத்தக் கசிவைக் குறைக்கும் அட்ரினலினும் கலந்த உப்புநீரை முதலில் மார்பில் செலுத்துவார்கள். பிறகு சிறு துளை வழியே மெல்லிய குழாயை நுழைத்துக் கொழுப்பை உறிஞ்சுவார்கள். கெட்டியான சுரப்பி இப்படி முழுமையாக வெளியே வராது. அதைக் கருவட்டக் கீறல் வழியே வெட்டித்தான் எடுக்க வேண்டும். பலருக்கு இரண்டையும் ஒரே அமர்வில் சேர்த்துச் செய்கிறார்கள். காம்புக்குப் பின்னால் ஒரு மெல்லிய அடுக்குத் திசுவை விட்டுவைப்பது முக்கியம். அதையும் சுரண்டி எடுத்தால் அந்த இடம் குழி விழுந்துவிடும். தோல் மிகவும் தொங்கினால் உபரித் தோலையும் வெட்டி, காம்பை உயர்த்தி வைக்க வேண்டியிருக்கும். அப்போது தழும்பு பெரிதாகும்.

பெரும்பாலும் முழு மயக்கத்தில் இந்த அறுவை நடக்கிறது. சிறிய வீக்கமாக இருந்தால் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தும் முடிக்கலாம். அன்றோ மறுநாளோ வீடு திரும்பலாம். உள்ளே தேங்கும் திரவம் வெளியேற ஓரிரு நாள் வடிகுழாய் வைப்பதும் உண்டு. அகற்றிய திசு நோய்க்குறியியல் ஆய்வுக்கு அனுப்பப்படும்.

அறுவைக்கு முன்னும் பின்னும்

புகைப்பவர்கள் சில வாரங்களுக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். புகை, தோலுக்கும் காம்புக்கும் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைத்துப் புண் ஆறுவதைக் கெடுக்கும். ஆஸ்பிரின் போன்ற ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை எடுப்பவர்கள் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தாங்களாக நிறுத்தக் கூடாது.

பக்க விளைவுகளில் அதிகம் காணப்படுவது உள்ளே ரத்தம் கட்டுவது. முதல் நாளில் ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் உடனே மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும். நீர் கோர்ப்பது, தொற்று, இரு பக்கமும் சமமில்லாமல் போவது, தடித்த தழும்பு ஆகியவையும் வரலாம். காம்பில் உணர்ச்சி குறைவது பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகும்.

வீக்கம் வடியவும் தோல் ஒட்டிப் படியவும் நான்கு முதல் ஆறு வாரம் வரை அழுத்தமான பனியன் அணியச் சொல்வார்கள். உட்கார்ந்து செய்யும் வேலைக்கு ஏறக்குறைய ஒரு வாரத்தில் திரும்பலாம். பளு தூக்குவதற்கும் கடும் உடற்பயிற்சிக்கும் ஒரு மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். மார்பின் இறுதி வடிவம் தெரியச் சில மாதங்கள் ஆகும்.

அழகு சிகிச்சையாகக் கருதப்பட்டால் மருத்துவக் காப்பீட்டில் பொதுவாகப் பணம் கிடைப்பதில்லை. முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. பயிற்சி பெற்ற பிளாஸ்டிக் சர்ஜனிடம், எல்லா வசதியும் உள்ள மருத்துவமனையில் மட்டுமே அறுவை செய்துகொள்ள வேண்டும். சுரப்பியை முறையாக அகற்றினால் வீக்கம் மீண்டும் வருவது அரிது. ஸ்டீராய்டைத் தொடர்ந்தாலோ, காரணமான மருந்தோ நோயோ நீடித்தாலோ, எடை பெரிதும் கூடினாலோ மார்பு மறுபடியும் பருக்கலாம்.